கரையில் சிரித்தவன்

மூக்கை எப்படி வரைவது என்று என்னிடம் கேட்க வேண்டாம். மூக்கு வரையத் தெரிந்தவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வர்ணம் குழைக்கச் சொல்லித்தர வகுப்புகளும் வந்துவிட்டன. சித்திர ஆசிரியர்களாகவும் உருவப்படக்காரர்களாகவும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது வேறு. சாவு விழுந்த வீட்டில், அந்த வீட்டாருக்கு நடுவில் தூரிகையோடு உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நான் தொழில் செய்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் உயிரோடு இருப்பவர் தன் படத்தை எழுதுவிப்பது அபூர்வம். பெரிய உத்தியோகத்தர் சிலர் செய்வித்தார்கள். மற்றப்படி கொழும்புத்துறையில் என் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் எல்லோரும் செத்தவீட்டுக்காரர்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முன்னர் படம் சுவரில் ஏறிவிட வேண்டும். "யமனுக்கு அடுத்த ஆள் நீதான்" என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பட்டணத்தில் புகைப்படக் கடை வைத்திருந்த ஒருவர் எனக்கு ஆட்களை அனுப்புவார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "அழுமூஞ்சியை ஆரும் சுவரிலை மாட்டாயினம். செத்த ஆளைச் சிரிக்க வையும்" என்பார். அப்படியே செய்தேன். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு, உதட்டோரத்தில் கொஞ்சம் சிரிப்பு, பின்னால் ஒரு தூணும் திரைச்சீலையும். யார் செத்தாலும் அதே தூண்தான்.

தென்மராட்சியில் புகையிலை பயிரிடும் ஒரு கமக்காரரின் மனைவிக்கு இப்படி ஒரு படம் எழுதிக் கொடுத்தேன். வாங்கும்போது மனிதர் கண் கலங்கிக் கும்பிட்டார். சில வருஷம் கழித்து வேறு அலுவலாக அந்த வழியால் போனபோது எட்டிப் பார்த்தேன். படம் புகையிலை அடுக்கிய அறையில் கதவுக்குப் பின்னால் தொங்கியது. பல்லி ஒன்று அதற்குப் பின்னால் குடித்தனம் நடத்தியது.

"கோவியாதையும் தம்பி" என்றார் அவர். "படம் நல்ல படம்தான். ஆனா அவள் கனகாலம் நெஞ்சு வருத்தத்தோடை கிடந்தவள். உந்தச் சிரிப்பைப் பாக்க ஆரோ அயலட்டைப் பொம்பிளை வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் சிரிப்பில் என்ன குறை என்று வழி நெடுகப் புறுபுறுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அவர் சொன்னது எனக்கு விளங்கியது வடமராட்சிக் கரையில்.

பாய்த்தோணியை நடத்திப் போகும் தலைவனை அந்தக் கரையில் தண்டையல் என்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம், செல்லையாத் தண்டையல் என்ற கிழவர் மாட்டுவண்டியில் என்னைத் தேடி வந்தார். ஒரு காலத்தில் கடலை ஆண்ட உடம்பு என்று பார்த்தவுடன் தெரிந்தது. இப்போது கால் இரண்டும் வீங்கி, வண்டியால் இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"தம்பி, என்ரை மோன் கந்தவனத்தைக் கீறித் தரவேணும். போன வருசத்துக்கு முந்தின ஐப்பசியிலை தோணியோடை போனவன். தோணியும் இல்லை, ஆளும் இல்லை."

"புகைப்படம் இருக்கோ ஐயா?"

"எங்கடை ஆக்கள் படம் பிடிக்கிறேல்லை. பிடிச்சால் ஆயுள் குறைஞ்சுபோமெண்டு பயம்." சொல்லிவிட்டுக் கிழவர் தன் வீங்கிய காலைப் பார்த்தார். "பிடிச்சிருக்கலாம்" என்றார்.

உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லால் ஒரு உருவம் செய்து அதற்குக் கொள்ளி வைப்பது வழக்கம். ஐயர் பங்குனியில் நாள் வைத்துவிட்டார். கந்தவனத்துக்குப் பிள்ளை இல்லை. தகப்பன்தான் மகனுக்குக் கொள்ளி வைக்க வேண்டும், அந்தத் தகப்பனோ அடுத்த மழைக்கு இருப்பாரோ தெரியாது. தான் முந்திவிட்டால் மகனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லை என்பதுதான் அவருடைய அவசரம். புல்லுக்கு முகம் இல்லை. வந்தவர்கள் எதைப் பார்த்து அழுவது? அதற்குத்தான் படம்.

"என்ரை முகத்தைப் பாத்துக் கீறும். அவன் என்னை உரிச்சு வைச்சவன். வயசை மட்டும் குறைச்சால் போதும். ஒண்டு, சிரிச்ச முகமாய் இருக்கவேணும். தோணி ஏறேக்கை சிரிச்சுக்கொண்டு போனவன். ஊரே கரையிலை நிண்டு பாத்தது."

சிரிப்பு என் கைவேலை. ஒப்புக்கொண்டேன்.

அவர்களுடைய வளவில் பாய்கள் சுருட்டி வைத்திருந்த கொட்டிலில் இருந்து வேலை செய்தேன். படத்துக்குக் கிழவர் புதுப் பாய்ச்சீலையில் ஒரு துண்டு வெட்டித் தந்தார். கடைச் சீலையைவிட அது திறம். காலையில் வந்து என் முன்னால் இருப்பார், இருமல் எழும்பினால் எழும்பிப் போய்விடுவார். கந்தவனத்தின் மனைவி பறுவதம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு சொல்லும் இல்லாமல் திரும்பிப் போவாள். முப்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, நிறச் சேலை. ஊரே அவளுடைய புருஷன் செத்துவிட்டான் என்று முடிவு கட்டிய பிறகும் அவள் முடிவு கட்டவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய வீட்டுத் திமிர் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம், கிழவர் கண்ணயர்ந்த நேரம், அவள் கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணை, உந்தப் படத்துக்கு மாலை போட்ட கையோடை என்ரை தாலியைக் கழட்டிப் புல்லுக்கு மேலை வைப்பினம். உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் தங்கச்சி."

"தெரிஞ்சுகொண்டும் கீறிறியள்."

இது என் தொழில் என்றேன். சொன்ன பிறகு அந்தச் சொல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் என்னைத் தாண்டிப் படத்தைப் பார்த்தாள். கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கிழவரின் எலும்பில் இளந்தசை வைத்து, பல் தெரியாமல் ஒரு சிரிப்பு வைத்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"உது மாமா" என்றாள். "மாமா வாலிப வயசிலை சிரிக்கிறார். என்ரை அவரின்ரை புருவம் உப்பிடி ஏறி நிக்கா..."

பாதியில் நிறுத்திச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு என்ன விளங்கியது என்று எனக்கும் விளங்கியது. அவள் சொல்லச் சொல்ல அவன் சீலையில் வருவான். அவன் அங்கே முழுதாக வந்துவிட்டால் கடலிலிருந்து வரமாட்டான். தாலியைக் கழற்றப் போகிறவர்களுக்கு அவளே கைகொடுத்தது போலாகிவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலில் கெட்டிக்காரன் என்ன செய்வான் தெரியுமா? "சொல்லுங்கோ, புருவம் எப்பிடி இருக்கும்?" என்று நைசாகக் கேட்டுக் கேட்டு வாங்கிவிடுவான். துக்கத்தில் இருப்பவரிடம் வாங்குவது சுலபம். நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

"சொல்ல வேண்டாம் தங்கச்சி. படம் இப்பிடியே இருக்கட்டும்."

நல்ல மனசால் மட்டும் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் அவளே வந்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் உறுதியாக இருந்தது.

"உந்தப் பொய் முகத்துக்கு முன்னாலை நான் தாலி கழட்டமாட்டன். உந்த ஆளுக்கு நான் பெண்சாதி இல்லை. அவரின்ரை முகத்தைக் கீறுங்கோ, சம்மதிக்கிறன்."

"நீங்கள் சொன்னால்தான் கீறலாம்."

"சொல்லுறன்." வாசலிலேயே குந்தினாள். "எல்லாரும் கண்டது கரையிலை சிரிச்ச முகத்தை. அது ஊருக்குச் சிரிச்சது. போறதுக்கு முன்னம் சாப்பிட இருந்தவர். சோத்தைப் பிசைஞ்சார், வாயிலை வைக்கேல்லை. நிமிந்து என்னைப் பாத்தார். பயந்த முகம் இல்லை அண்ணை. பயந்திருந்தால் நான் மறிச்சிருப்பன். எல்லாம் தெரிஞ்ச ஆளின்ரை முகம். பிறகு கையைக் கழுவிப்போட்டு, 'சரி, போட்டு வாறன்' எண்டார்."

"என்ன தெரிஞ்சது அவருக்கு?"

அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"வாடைக் காத்துத் துவங்கப்போகுது, இந்தமுறை வேண்டாமெண்டு மாமாவுக்குச் சொன்னவர். அக்கரையிலை அரிசிக்குச் சொல்லியாச்சு, உந்தக் காத்திலை நான் எத்தினைதரம் போய் வந்தனான் எண்டு மாமா சொல்லிப்போட்டார். அதுக்குப் பிறகு இவர் வாய் திறக்கேல்லை."

இப்போது பாருங்கள் என் நிலையை. சிரித்த முகத்தை வரைந்தால் கிழவர் நிம்மதியாகக் கண் மூடுவார். மகன் சிரித்துக்கொண்டு போனான் என்ற ஒன்றைத்தான் அவர் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவள் சொன்ன முகத்தை வரைந்தால், சாகக் கிடக்கும் மனிதரிடம் அந்தப் பிடியைப் பறித்து, உன் பிள்ளையை அனுப்பியது நீ என்று சீலையில் எழுதிக் காட்டுவதாகும். ஒருவருக்கு இரக்கம் காட்டினால் மற்றவருக்குக் கொடுமை. நாளோ நெருங்கிவிட்டது. கரையில் பெரிய குடும்பம் வேறு. கிழவர் முகம் சுளித்தால் அந்தப் பக்கம் ஒரு வீட்டிலும் என்னை ஏற்றமாட்டார்கள்.

இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. தூரிகையைக் கழுவுவதும் துடைப்பதுமாக இருந்தேன். கடைசியில் நான் யோசித்தது இவ்வளவுதான். தாலியை இழக்கப் போகிறவள் அவள். இழக்கும்போது அவள் பார்க்கப் போகும் முகம் அவளுடையவனாக இருக்க வேண்டும். கிழவரைப் பற்றி நான் எடுத்த முடிவு சரியா என்று இன்றைக்கும் அறுதியாகச் சொல்லமாட்டேன்.

சிரிப்பைச் சுரண்டி எடுத்தேன். அழுகையை வரைவது சுலபம், நாடகத் திரைக்கு நிறைய வரைந்திருக்கிறேன். அழுகிற முகம் பார்த்தவுடன் கதையைச் சொல்லி முடித்துவிடும். துயரம் அப்படியில்லை. வாய் மூடியிருக்கும், கண் உலர்ந்திருக்கும், முகத்தில் ஒன்றும் நடவாதது போல இருக்கும். அதற்குள் வைக்க வேண்டும். பறுவதம் வாசலில் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். புருவம் இறங்கியது. கண் பார்ப்பவரை நேரே பார்த்தது. கடைசி நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். அதைப் பார்த்துத்தான் படம் முடிந்துவிட்டது என்று அறிந்தேன்.

கிரியைக்கு முதல் நாள் கிழவரைக் கூட்டிவந்து படத்துக்கு முன்னால் இருத்தினார்கள். கனநேரம் பார்த்தார்.

"இது ஆர்?"

"உங்கடை மகன்" என்றேன்.

"நான் சிரிச்ச முகமெல்லோ கேட்டனான். அவன் சிரிச்சுக்கொண்டு போனவன். மாத்தும்."

"மாத்த ஏலாது ஐயா."

"ஏலாதோ, மாட்டீரோ?"

அப்போது பறுவதம் உள்ளிருந்து வந்து அவருக்கு நேரே நின்றாள். அதுவரை அவள் மாமனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றதை நான் காணவில்லை.

"மாமா, அவர் கரையிலை சிரிச்சவர். வீட்டிலை சிரிக்கேல்லை."

கிழவர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். தன்னைத் தனியே விடச் சொன்னார். நாங்கள் முற்றத்தில் காத்திருந்தோம். அவர் கத்துவார், அல்லது படத்தைக் கிழிப்பார் என்று நினைத்தேன். உள்ளே இருமல் மட்டும் கேட்டது. பொழுது சாயும் நேரம் என்னைக் கூப்பிட்டார்.

"இது இருக்கட்டும்" என்றார். "தோணியிலை ஏறி நிண்டு சிரிச்சவன்தான். பிறகு ஒருக்கால் திரும்பி என்னைப் பாத்தவன், இப்பிடி. நான் காத்தைப் பாத்தனான்."

அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. சிரித்த முகத்தை என்னிடம் கேட்டது ஊருக்காக இல்லை.

மறுநாள் புல் உருவத்தின் தலைமாட்டில் படத்தை வைத்தார்கள். பறை அடித்தது. ஒப்பாரி சொல்லிக்கொண்டு வந்த பெண்கள், படத்தைக் கண்டதும் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லை மறந்து நின்றார்கள். அந்த அமைதியை நான் வேறு எந்தச் செத்தவீட்டிலும் கேட்டதில்லை. பறுவதத்தின் தாலியை எடுக்க இரண்டு பெண்கள் கிட்ட வந்தார்கள். அவள் கையால் மறித்து, படத்தைப் பார்த்தபடி தானே கழற்றிப் புல்லின் மேல் வைத்தாள். எனக்கு என் தொழில் மீதே வெறுப்பு வந்தது. கிழவர் கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள் வண்டியில் படுத்தபடியே கீரிமலைக்குப் போய் அந்தச் சாம்பலைக் கடலில் கரைத்தார் என்று பின்னர் அறிந்தேன்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரச் சோதனை நடத்தப் போனேன். சோதனை முடிந்ததும் கால் தானாகக் கரைப் பக்கம் நடந்தது. படம் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். உப்புக் காற்று, பல்லி, புகையிலை அறை. அதை நினைத்துக்கொண்டுதான் போனேன்.

படம் முன் அறையில், வாசலால் நுழைபவருக்கு நேரே தொங்கியது. வர்ணம் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. பல்லி இல்லை. கண்ணாடிச் சட்டத்தைத் தினமும் துடைக்கும் கை தெரிந்தது. பறுவதம் வெள்ளைச் சேலையில் நின்றாள். கிழவர் அந்த மழைக்கு முன்னரே போய்விட்டார் என்றாள். கட்டிலைப் படத்துக்கு நேரே போடச் சொல்லி, அதைப் பார்த்தபடியே கிடந்தாராம்.

"கோவிச்சவரோ?" என்று கேட்டேன். இத்தனை வருஷமும் என்னை அரித்த கேள்வி அதுதான்.

"இல்லை. அதோடை கதைச்சுக்கொண்டு கிடந்தவர். கடைசியிலை எனக்கு ஒண்டு சொன்னவர். ஆர் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிறதெண்டாலும் இவனுக்கு முன்னாலை வந்து நிண்டிட்டு அனுப்பட்டாம்."

"பெடியள் வந்து நிக்கிறவையோ?"

"பெடியள் இல்லை அண்ணை. தேப்பன்மார்."

நான் படத்தைப் பார்த்தேன். சிரித்த முகம் பார்ப்பவரிடம் ஒன்றும் கேட்பதில்லை, ஆகவே இரண்டாம் முறை அதைப் பார்க்க வேண்டியதும் இல்லை. கந்தவனத்தின் முகம் கேட்டுக்கொண்டே இருந்தது. வரைந்த எனக்கே அதன் முன்னால் நிற்கக் கஷ்டமாக இருந்தது. உங்களில் யாராவது நிலைத்து நிற்கும் படம் வரைய ஆசைப்பட்டால் இதை யோசியுங்கள். துயரத்தை நீங்கள் கொண்டுபோய் வைக்க முடியாது. அது அந்த வீட்டில் இருக்கும். அதை மூடிப் பூசாமல் விட உங்களுக்குத் துணிவு இருந்தால் போதும்.

வெடிப்பைச் சரிசெய்து தருவதா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் செருமினார். பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் தண்டையல், ஐம்பது வயது மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, படத்துக்கு முன்னால் நின்றார். கடலில் அன்று அலை கூட இல்லை.

"பிள்ளை" என்றார் அவர். "இண்டைக்குத் தோணி ஏறிற என்ரை மூத்தவன் காலமை சாப்பிடேல்லை."

"உங்களைப் பாத்தவனோ?"

"பாத்தவன்."

"நீங்கள்?"

அவர் செருப்பையும் மறந்து கரைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் வாசலில் வந்து நின்றேன். பறுவதம் வரவில்லை, சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தோணி அந்த முறை ஒரு குறையும் இல்லாமல் போய்த் திரும்பியது. அதையும் சொல்லிவிட வேண்டும், படம் சாத்திரம் பார்ப்பதில்லை. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. நான் கண்டது, தகப்பனும் மகனும் ஒழுங்கையால் திரும்பி வந்ததைத்தான். மகன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தோணி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது, ஊர் சிரிக்கப்போகிறது, உனக்கு என்ன விசரா என்று தகப்பனை வாய் ஓயாமல் ஏசிக்கொண்டு வந்தான். தகப்பன் வெறுங்காலோடு அவனுக்குப் பின்னால் வந்தார்.

சத்தம் கேட்டுப் பறுவதம் துடைப்பதை நிறுத்தினாள்.

"ஏசட்டும்" என்றாள். "வீட்டிலை இருந்து ஏசட்டும்."